தோடர்

தோடர் (தொதவர்) எனப்படுவோர் தமிழ்நாட்டின் நீலகிரி மலையில் வாழும் தொல்குடியினர் ஆவர். இவர்களின் மக்கள்தொகை ஏறத்தாழ 2,000 ஆகும். இவர்கள் பேசும் தோடா மொழி தென் திராவிட மொழிகளுள் ஒன்று. எருமை வளர்ப்பு இவர்களின் மரபுத் தொழில். இவர்களின் குடியிருப்பு மந்து எனப்படும்.

வரலாறு

தோடர் பற்றிய பழைய குறிப்பு ஒன்று 1117 ஆம் ஆண்டைச் சேர்ந்த போசளர் கல்வெட்டில் காணப்படுகிறது. 1603 இல் பெனிசியோ என்னும் இயேசு சபைப் பாதிரியார் இவர்களைச் சந்தித்து எழுதினார். தோடர் நெய்யையும் பிற பால்பொருட்களையும் கொடுத்து, படகரிடமிருந்து தானியமும் கோத்தரிடமிருந்து மட்பாண்டமும் இரும்புக் கருவிகளும் பெற்றனர். கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819 இல் நீலகிரிக்கு வந்த பின்னர் ஆங்கிலேயர் குடியேற்றம் பெருகியது. தேயிலைத் தோட்டங்களும் தைலமரக் காடுகளும் பரவியதால் மேய்ச்சல் புல்வெளிகள் சுருங்கின; எருமை மந்தைகளும் குறைந்தன. தோடரின் வழிபாடு, சடங்கு, பாட்டு ஆகிய அனைத்தும் எருமையோடு பிணைந்தவை என்பதால், இது வெறும் பொருளாதார இழப்பாக நிற்கவில்லை.

கலைகள்

கட்டடம்: மரபு வீடுகள் மூங்கில், பிரம்பு, புல் ஆகியவற்றால் அரைவட்டக் கூரையுடன் அமைக்கப்படுகின்றன. வாயில் மிகச் சிறியது. தவழ்ந்தே உள்ளே செல்ல வேண்டும். புனித எருமைகளின் பாலைக் கடையும் பால்மனைகளே இவர்களின் கோயில்கள்.

பாட்டு: ஒவ்வொரு கருத்தும் இணையான இரு தொடர்களாகச் சொல்லப்படும். பாடுவோர் அந்தந்த நிகழ்வுக்கு ஏற்ப அப்போதே புனைந்து பாடுவர். மொழியியலாளர் எமனோ இவற்றைத் தொகுத்து 1971 இல் நூலாக வெளியிட்டார்.

பூத்தையல்: தோடர் நெசவு செய்வதில்லை. சமவெளியில் நெய்யப்பட்ட முரட்டு வெள்ளைப் பருத்தித் துணியை வாங்கி, அதில் பெண்கள் சிவப்பு, கறுப்பு நூலால் பூவேலை செய்கின்றனர். இது புகூர் எனப்படும். துணியில் முன்கூட்டி எதுவும் வரைந்துகொள்வதில்லை. இழைகளை எண்ணியே ஊசி செலுத்தப்படுகிறது. இதனால் பூவேலை தறியில் நெய்ததுபோல் தோன்றும். எருமைக் கொம்பு, மலை, சூரியன், சந்திரன் முதலியன வடிவங்களாக அமைகின்றன. இவ்வேலைப்பாடு கொண்ட பூத்துக்குளி என்னும் போர்வையை ஆண், பெண் இருபாலரும் அணிவர். இறந்தோர் உடலும் இதனால் போர்த்தப்படும்.

இன்றைய நிலை

இன்று இக்கலை சால்வை, பை, மேசை விரிப்பு எனச் சந்தைக்கும் வந்துள்ளது. பல பெண்களுக்கு இது வருவாய் தருகிறது. எனினும் கையால் இழை எண்ணித் தைப்பதற்கு நெடுநாள் ஆகும்; எந்திரத்தில் செய்த போலிகளின் விலையோடு இது போட்டியிட இயலாது. தோடர் பூத்தையலுக்கு 2013 இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. இக்குறியீடு பெயரைக் காக்கும். கலை நிலைப்பது அடுத்த தலைமுறைப் பெண்கள் அதனைக் கற்பதைப் பொறுத்ததாகும்.