நாய்களின் கல்லீரல் ரோக நிர்ணயம்: படப் பரீட்சைகள்

நாயின் கல்லீரல், உதரவிதானத்தை ஒட்டி விலாவெலும்புகளின் மறைவில் பெரும்பாலும் ஒளிந்து கிடக்கும் அவயவமாகையால், கையால் தடவிப் பார்த்து அதன் நிலையை அறிவது அரிது. வாந்தி, பசியின்மை, மஞ்சட்காமாலை முதலிய குறிகளும் இரத்தப் பரீட்சையும் சந்தேகத்தை எழுப்பியபின், ரோகத்தின் இடத்தையும் உருவத்தையும் காட்டவல்லவை படக்கருவிகளே.

எக்ஸ்ரே படத்தில் கல்லீரலின் உட்புறம் தெரிவதில்லை. ஆயினும் பக்கவாட்டுப் படத்தில் விலாவெலும்புகளுக்கு ஏறக்குறைய இணையாக நிற்கவேண்டிய இரைப்பை வால்புறம் தள்ளப்பட்டிருந்தால் கல்லீரல் பெருத்ததென்றும், தலைப்புறம் சாய்ந்திருந்தால் சுருங்கியதென்றும் ஊகிக்கலாம்.

உள்ளமைப்பைக் காட்டுவது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். வயிற்று ரோமத்தை மழித்து, கூழ் தடவி, கருவியை விலாவின் விளிம்பில் அழுத்தியதும், ஆரோக்கியமான கல்லீரல் மண்ணீரலைவிடச் சற்றே கருமையாகப் புலப்படும். பித்தப்பையில் சளி இறுகித் தேங்கும் வியாதியில், குறுக்கே அறுத்த கிவிப் பழத்தின் ஆரங்களைப் போன்ற தோற்றம் எழுவதை ஒருமுறை கண்டவர் மறவார். ஆனால் முதிர்ந்த நாய்களில் சர்வசாதாரணமாய்க் காணும் தீங்கற்ற கணுக்களும் புற்றுநோய்க் கட்டிகளும் படத்தில் ஒன்றுபோலவே தோன்றக்கூடும். பரவலான அழற்சியுற்ற கல்லீரலோ மாசற்றதாகவே காட்சியளிக்கவும் கூடும். ஆகையால், படத்தை மட்டும் நம்பி ஒரு பிராணியின் ஆயுளுக்கு முடிவு கட்டுவது பெரும் பிழை. இரத்தம் உறையும் தன்மையை முன்னதாகச் சோதித்துக்கொண்டு, ஸ்கேனின் துணையால் ஊசி செலுத்தித் திசுவெடுத்து ஆராய்வதே முறை.

குடலிரத்தம் கல்லீரலைச் சேராமல் பக்கவழியே பெருஞ்சிரையில் கலந்துவிடும் பிறவிக் குறை, யார்க்‌ஷயர் டெரியர் போன்ற சிற்றினங்களில் பெரும்பாலும் கல்லீரலுக்கு வெளியேயும், ஐரிஷ் உல்ஃப்ஹவுண்ட் போன்ற பேரினங்களில் உள்ளேயும் அமைகிறது. சாயமருந்தைச் சிரையிலேற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேன், வழிதவறிய அந்த நாளத்தின் தோற்றுவாய், வளைவு, முடிவு யாவற்றையும் அறுவைச் சிகிச்சையாளருக்குத் தெளிவுறக் காட்டுகிறது.