கோடு வளையும் இடம்

1995இல் பீட்டர் ஷோர், ஒரு க்யூபிட்டின் தகவலை ஒன்பது க்யூபிட்டுகளில் பகிர்ந்து காக்கும் வழியை வெளியிட்டார். குவாண்டம் பிழைதிருத்தம் அன்று தாளில் எழுதிய கணிதம் மட்டுமே. பின்னாளில் அது ஆய்வகத்தில் வளர்ந்தபோது வேறொரு கேள்வி எழுந்தது: அளந்தெடுத்த புள்ளிகளின் ஊடே எந்தக் கோட்டை வரைவது?

முதல் தேர்வில் சிரமமில்லை. பிழைகளைச் சரிபார்க்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் இவ்வளவு பிழை என்று கூட்டிக்கொண்டே போனால் நிகழ்தகவு நூறு விழுக்காட்டைத் தாண்டிவிடும், அபத்தம். ஒருமுறை புரண்ட விடை மறுமுறை புரண்டால் சரியாகிவிடுமல்லவா? ஆகவே நிகழ்தகவு பாதியில் போய்த் தேங்கும். ஒன்றிலிருந்து பிழையின் இருமடங்கைக் கழித்தால் எஞ்சுவது, சுற்றுதோறும் ஒரே விகிதத்தில் தேய்வதாகக் கொள்வார்கள். இதில் சண்டையில்லை.

சண்டை அடுத்த படியில். குறியீட்டின் 'தொலைவு' கூடக்கூடக் கூடுதல் க்யூபிட்டுகள் தேவை. தொலைவு இரண்டிரண்டாய் உயரும்போது பிழை ஒரே எண்ணால் வகுபடும் என்கிறது கோட்பாடு. 2023இல் கூகுள் குழு வெளியிட்ட அளவுகள்: தொலைவு 3இல் சுற்றுக்கு 3.028 விழுக்காடு, 5இல் 2.914. மயிரிழை வித்தியாசம்தான். 2024இல் வில்லோ சில்லில், 101 க்யூபிட்டுகள் கொண்ட தொலைவு 7 குறியீட்டில் 0.143 விழுக்காடு, வகுக்கும் எண் 2.14. அதே கோட்டை நீட்டி, தொலைவு 27இல், 1457 க்யூபிட்டுகளில், பத்து லட்சத்துக்கு ஒன்று என்ற பிழையை எட்டலாம் என்றும் கணித்தார்கள்.

ஆனால் கையிலிருந்தவை 3, 5, 7 என்ற மூன்றே தொலைவுகள். இறங்கி இறங்கி ஓரிடத்தில் தரைதட்டும் கோடும் அவற்றின் மேல் இதே அழகோடு அமரும். சிறிய தொலைவுகளில் அந்தத் தரையின் பங்கு அளவீட்டின் தடுமாற்றத்துக்குள் மறைந்துவிடுவதால், எந்தப் புள்ளியியல் சோதனையும் இவ்விரு மாதிரிகளைப் பிரித்தறியாது. ஆழத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டியதுதான்.

மலிவாக ஆழம் காண ஒரு வழி உண்டு. மீள்பதிவுக் குறியீடு ஒருவகைப் பிழையை மட்டுமே திருத்துவது. குறைந்த க்யூபிட்டுகளில் பெரிய தொலைவைத் தரும். 2023 கட்டுரையில் தொலைவு 25 வரை சென்றபோது, சுற்றுக்குப் பத்து லட்சத்தில் 1.7 என்ற அளவில் கோடு வளைந்தது. உயர் ஆற்றல் நிகழ்வு ஒன்றே ஒன்று பல க்யூபிட்டுகளைச் சேர்த்துச் சாய்த்திருந்தது. பிழைகள் தனித்தனியே வரும் என்ற அனுமானம் உடைந்த இடம் அது.

2024இல் தொலைவு 29 வரை சென்றார்கள். தரை, ஆயிரம் கோடியில் ஒன்று என்ற அளவுக்கு இறங்கியிருந்தது. இம்முறையும் காரணம் ஒருசேர வரும் பிழைகள்தான். ஏறத்தாழ மணிக்கு ஒருமுறை, சுமார் 300 கோடிச் சுற்றுகளுக்கு ஒருமுறை. பத்து லட்சத்துக்கு ஒன்று என்ற இலக்கு இந்தத் தரைக்கு வெகு மேலே இருப்பதால் 1457 என்ற கணக்கை இது தொடவில்லை. லட்சம் கோடியில் ஒன்று என்று கேட்டால், அதே கோட்டை அங்கே நீட்ட இயலாது.