நூல் என்னும் சொல்

"ஐயா, துணி தைப்பதும் நூல், படிப்பதும் நூலா?" என்று வகுப்பில் மாணவி ஒருத்தி வினவினாள். சிறு வினாவாயினும் சீரிய வினா. ஆசிரியர்களாகிய நாம் இதற்கு விடை கூற வல்லராதல் வேண்டும்.

ஏடு, சுவடி என்பன புறத்தைச் சுட்டும் பெயர்கள். ஏடு பனையோலை, சுவடி அவ்வோலைகளின் கட்டு. நூல் என்பதோ அகத்தைச் சுட்டுவது. ஓலையில் எழுதாது நெஞ்சில் இருத்தி ஓதினும் நூல் நூலே.

இப்பெயர் பஞ்சிலிருந்து பிறந்தது. 13ஆம் நூற்றாண்டினரான பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் இதனை விளக்குகின்றார். சொற்களே பஞ்சு, செய்யுளே இழை, புலவனே நூற்கும் பெண், அவன் வாயே கை, அறிவே கதிர். மேலும், தச்சன் நூலிட்டு மரத்தின் கோணலைப் போக்குவதுபோல, கற்கும் நூல் மனக்கோணலைப் போக்கும் என்பதும் அவர் கருத்து.

வடமொழியில் 'சூத்திரம்' என்பதற்கும் இழை என்பதே முதற்பொருள். ஆதலின் நூல் என்பது அதன் மொழிபெயர்ப்போ எனச் சிலர் ஐயுறலாம். தொல்காப்பியச் செய்யுளியல் சூத்திரம், ஓத்து, படலம், பிண்டம் என்பவற்றை நூலின் உறுப்புகளாக வைத்துக் கூறுகின்றது. அங்கே சூத்திரம் உறுப்பு, நூல் முழுமை. இரண்டும் ஒன்றாயின் இவ்வேறுபாடு எழாது. அன்றியும், 'பனுவல்' என்னும் சொல் புறநானூற்று 125ஆம் பாட்டில் பருத்திப் பெண்டின் பஞ்சைக் குறிக்கின்றது. திருக்குறளில் அறிவுநூலைக் குறிக்கின்றது. ஒரு சொல்லன்று, இரு சொற்கள் பஞ்சிலிருந்து கல்விக்கு வந்துள்ளன. நூற்கும் மகளிரைக் கண்முன் கண்ட மக்களின் வழக்கே இது எனக் கொள்வது பொருந்தும்.

முதலும் முடிவும் முரணாதிருத்தல், பொருளைத் தொகுத்தும் வகுத்தும் காட்டல் ஆகியவற்றை நூலுக்குரிய இயல்புகளாகத் தொல்காப்பியம் வேண்டுகின்றது. இழை இடையில் அறுந்தால் அது நூலாகாது அன்றோ?

இக்காலத்தில் பட்டத்திற்கு எழுதுவதை 'ஆய்வேடு' என்கின்றோம். நல்ல பெயரே. ஆயினும், பல இடங்களிலிருந்து எடுத்த பகுதிகளை அடுக்கிக் கட்டினால் ஏடு மிகும், நூல் பிறவாது. நம் மாணவர் எழுதும் ஒரு பக்கக் கட்டுரைக்கும் இது பொருந்தும். வழிகாட்டிப் புத்தகத்தைப் பார்த்துப் படியெடுக்கும் பிள்ளை பிறர் நூற்ற இழையையே சுற்றி வைக்கின்றது. தான் நூற்கக் கற்பதில்லை.

அந்த மாணவிக்கு ஒரு பிடி பஞ்சைக் கொடுத்து விரலால் திரிக்கச் சொன்னேன். இழை இரண்டு முறை அறுந்தது. மூன்றாம் முறை நின்றது. "எழுதுவதும் இதுதான், அம்மா" என்றேன்.