புழுதியைப் பிடித்த பஞ்சு

இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ஓடிய பிரிட்டிஷ் ராணுவ மோட்டார் சைக்கிள்கள் சிலவற்றின் படங்களில் ஒரு விநோதம் தெரியும். பெட்ரோல் டேங்கின் மேல் ஒரு தகரப் பெட்டி உட்கார்ந்திருக்கும். அது சிப்பாயின் சாப்பாட்டுப் பெட்டி அல்ல, ‘வோக்ஸ்’ ஏர் ஃபில்டர். அதிலிருந்து ஒரு தடித்த குழாய் கீழே கார்புரேட்டருக்கு இறங்கும். அதற்கு வழிவிட டேங்கிலேயே ஒரு பள்ளம் விட்டிருப்பார்கள். பி.எஸ்.ஏ. எம்20, நார்ட்டன் 16எச் போன்ற வண்டிகளில் இந்த ஏற்பாடு இருந்தது.

எதிர்முகாமும் அதே முடிவுக்குத்தான் வந்தது. ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. ஆர்75 வண்டியில் முதலில் கியர்பாக்ஸ் மேல் இருந்த ஃபில்டர், பிறகு டேங்கின் உச்சிக்குப் போனது. சக்கரத்தருகே புழுதி அடர்த்தி, மேலே போகப் போகக் குறைவு என்பதை இரு படைகளும் இன்ஜின்களைப் பலிகொடுத்துத்தான் கற்றன. ஆகாய விமானங்களும் தப்பவில்லை. ஸ்பிட்ஃபயரின் மூக்குக்குக் கீழே மாட்டிய வோக்ஸ் ஃபில்டர் வேகத்தைக் குறைத்ததால், எகிப்தின் அபூகீர் பட்டறையில் அதைவிடச் சிறிய ஃபில்டர் ஒன்றை உருவாக்கினார்கள்.

மணலில் அப்படி என்ன இருக்கிறது? குவார்ட்ஸ். மோஸ் அளவுகோலில் அதன் கடினம் 7. பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே எண்ணெயோடு கலந்து அது புகுந்தால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த கதைதான். உள்ளே போகும் காற்றும் கொஞ்சநஞ்சமல்ல. 250 சிசி டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் நிமிடத்துக்கு 8000 சுற்றில் ஓடினால், கணக்குப்படி அது இழுக்கும் காற்று நிமிடத்துக்குச் சுமார் 2000 லிட்டர்.

ஆனால் மண்பாதைப் பந்தயம் பிறந்த இங்கிலாந்தில் இந்தக் கவலை பெரிதாக இல்லை. 1924இல் சர்ரே மாவட்டத்தின் கேம்பர்லியில் முதல் ‘ஸ்க்ராம்பிள்’ நடந்தது. அங்கே பெரும்பாலும் எதிரி சேறு. சின்னச் சின்னப் பந்தயங்கள், முடிந்ததும் பட்டறையில் பிரித்துப் பார்க்கப்படும் இன்ஜின்கள். கார்புரேட்டரின் வாயைத் திறந்தே விட்டு ஓட்டியவர்கள் பலர். ஃபில்டர் போட்டால் இழுவை குறையும் என்ற எண்ணமும் அவர்களிடம் இருந்தது.

கதை திரும்பியது கலிஃபோர்னியாவிலும் அதற்குத் தெற்கே மெக்சிகோவின் பாஹா தீபகற்பத்திலும். 1962இல் டேவ் எகின்ஸ், பில் ராபர்ட்சன் ஆகிய இருவர் ஹோண்டா சிஎல்72 வண்டிகளில் டிஹுவானாவிலிருந்து லா பாஸ் வரை ஓட்டிச் சென்றார்கள். 1500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட அந்த வழியில் எகின்ஸ் 40 மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தார். 1967இல் அதே வழியில் ‘மெக்சிகன் 1000’ பந்தயம் தொடங்கியது. சேற்றில் அரை மணி ஓடும் இன்ஜினும் புழுதியில் ஒரு பகல் ஓர் இரவு ஓடும் இன்ஜினும் ஒன்றல்ல.

இதே காலத்தில் வண்டிகளும் மாறின. 1966இல் எடிசன் டை என்ற இறக்குமதியாளர், ஸ்வீடன் வீரர் டார்ஸ்டன் ஹால்மனை ஹஸ்க்வர்னா வண்டியோடு அமெரிக்காவுக்கு அழைத்துவந்தார். கனத்த ஃபோர்-ஸ்ட்ரோக்குகளின் இடத்தை இலேசான டூ-ஸ்ட்ரோக்குகள் பிடித்தன. டூ-ஸ்ட்ரோக்கில் காற்றும் பெட்ரோலும் முதலில் கிராங்க் இருக்கும் அறைக்குள் போய்த்தான் சிலிண்டருக்கு ஏறும். அதனால் உள்ளே நுழையும் தூசி, பிஸ்டனோடு நிற்காமல் கிராங்க் பேரிங்குகளையும் தின்னும்.

கைவசம் இருந்த தீர்வுகள் எதுவும் சரிப்படவில்லை. டிராக்டர்களில் புகழ்பெற்ற எண்ணெய்க் குளியல் ஃபில்டரில் காற்று எண்ணெய்க்கு மேல் சட்டென்று திரும்பும், திரும்ப முடியாத தூசி எண்ணெயில் விழும். நிலத்தில் நிதானமாக நகரும் டிராக்டருக்கு அது பொருத்தம். குதித்து, சாய்ந்து, விழுந்து எழும் வண்டியில் எண்ணெய் சிந்திவிடும். மடிப்புக் காகித ஃபில்டரோ நனைந்தால் மூச்சை அடைத்துவிடும். கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் மோட்டார் சைக்கிள் கடை வைத்திருந்த கென் ஜான்சனும் நார்ம் மெக்டொனால்டும் எண்ணெய் தடவிய பருத்தித் துணியைக் கம்பிவலைக்கு நடுவே வைத்து ஒரு வழி கண்டார்கள். அதுதான் கே அண்ட் என் ஃபில்டர்.

மண்பாதையில் கடைசியில் நிலைத்தது ஃபோம் பஞ்சு. 1937இல் ஜெர்மனியின் லெவர்குசனில் ஓட்டோ பேயரும் அவரது குழுவும் கண்டுபிடித்த பாலியூரித்தேனின் வாரிசு அது. சோஃபாவுக்குள் போகும் அதே இனம், ஆனால் கண்ணறைகளை மூடும் சவ்வுகள் நீக்கப்பட்டது. இதன் துளைகள் பல தூசித் துகள்களைவிடப் பெரியவை. தூசியைப் பிடிப்பது பஞ்சல்ல, அதில் ஊறிய எண்ணெய். வளைந்து வளைந்து போகும் காற்றிலிருந்து துகள்கள் விலகி எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் போடாத ஃபோம் நுண்தூசிக்குத் திறந்த வாசல்தான்.

இதிலிருந்து பந்தயக்காரர்களிடம் ஒரு வாராந்தர வேலை பிறந்தது. ஆரம்பத்தில் பெட்ரோலில் அலசி, பிழிந்து, இன்ஜின் ஆயிலையே ஊற்றினார்கள். இரண்டிலும் சிக்கல். பெட்ரோல் தீ அபாயம் என்பதோடு ஃபோமின் ஒட்டுத் தையலையும் பிரித்துவிடும். இன்ஜின் ஆயிலோ அதிர்வில் வழிந்து அடியில் தேங்கும். அதனால் பிசுபிசுப்பான தனி எண்ணெய்கள் வந்தன. எங்கும் பரவியதா என்று கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக நீலம், சிவப்பு, பச்சை என்று சாயமும் ஏற்றினார்கள். சாதாரண ஃபில்டர் எண்ணெய் போட்ட ஃபோமைக் கரைப்பானில் அலசி, பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிடவேண்டும். துணி போல் முறுக்கக் கூடாது, அமுக்கித்தான் பிழியவேண்டும். மாட்டும்போது விளிம்பில் கிரீஸ் தடவுவது, கழற்றியதும் இன்ஜினின் காற்றுக்குழாய் வாயில் சுத்தமான துணியை அடைப்பது, குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துத் தூசி ஒட்டுகிறதா என்று பார்ப்பது எல்லாம் மெக்கானிக்குகள் கைமாற்றிக் கொடுத்த பழக்கங்கள். கிழிந்தாலோ, தையல் விட்டாலோ, தொட்டால் உதிர்ந்தாலோ கழுவிப் பயனில்லை, புதிதுதான்.

ஃபில்டரின் இருப்பிடமும் சும்மா இருக்கவில்லை. பல பத்தாண்டுகள் அது சீட்டுக்குக் கீழே, பின்சக்கரம் மண்ணை வாரியிறைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. 2010இல் யமஹா தன் ஒய்இசட்450எஃப் வண்டியில் சிலிண்டர் தலையை முன்பின்னாகத் திருப்பி, காற்று முன்பக்கமிருந்து நுழையும்படி செய்தது. ஃபில்டர் ஹேண்டில்பாருக்குப் பின்னால், டேங்க் இருக்கவேண்டிய உயரத்துக்கு ஏறியது.

ஃபில்டருக்கு இன்னொரு சோதனைக்களம், பாலைவனப் பந்தயமான டக்கார் ராலி. 1978 டிசம்பரில் பாரிஸிலிருந்து புறப்பட்ட முதல் ராலியை சிரில் நெவ் ஒரு யமஹா எக்ஸ்டி500இல் வென்றார். இப்போது அந்த ராலி சவுதி அரேபியாவில் நடக்கிறது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டிவிஎஸ், பிரெஞ்சு நிறுவனமான ஷெர்கோவோடு கூட்டு சேர்ந்து அதில் அணி இறக்கியது. அந்த அணியின் கேரள வீரர் ஹரித் நோவா 2024இல் ‘ராலி 2’ பிரிவை வென்றார். இத்தகைய ராலிகளில் ஃபில்டருக்கு மேல் எண்ணெய் தடவிய மெல்லிய உறை ஒன்றைப் போர்த்துவதுண்டு. அழுக்கேறியதும் உறையை மட்டும் உரித்துவிட்டுத் தொடரலாம். டக்காரின் மாரத்தான் கட்டங்களில் அணி மெக்கானிக்குகளுக்கு அனுமதி இல்லை. அந்த இரவுகளில் ஃபில்டரைக் கழற்றி மாட்டுவது பகலெல்லாம் வண்டி ஓட்டியவரின் வேலை.