கம்பங்கூழ் கசக்கிறதா? குறை கம்பில் இல்லை, மாவில்!

செந்துறை பக்கத்து மானாவாரிக் கொல்லைகளில் கம்பு விதைக்கும் விவசாயிகளின் வீடுகளிலும் இப்போது ஓட்ஸ் பாக்கெட் வந்துவிட்டது. "கூழ் கசக்கிறது, பிள்ளைகள் குடிப்பதில்லை" என்பதே பல வீடுகளில் சொல்லும் காரணம். அந்தக் கசப்பு பெரும்பாலும் பழைய மாவினால் வருவது.

100 கிராம் கம்பில் சுமார் 5 கிராம் கொழுப்பு உள்ளது. தீட்டிய அரிசியில் அரை கிராம்தான். கம்பின் எண்ணெய் பெரும்பாலும் முளைப்பகுதியில் இருக்கிறது. முழுத் தானியமாக இருக்கும்வரை அது மாதக்கணக்கில் கெடாது. அரைத்துவிட்டால் தானியத்திலுள்ள நொதி எண்ணெயைச் சிதைக்கத் தொடங்கும். கோடையில் ஒரு வாரத்திலேயே சிக்கு வாடையும் கசப்பும் வந்துவிடும். ஓட்ஸிலும் இதே சிக்கல் உண்டு. ஆனால் ஆலையில் அதை ஆவியில் அவித்து, நொதியைச் செயலிழக்கச் செய்த பிறகே அவலாகத் தட்டுகிறார்கள்.

எனவே மூன்று, நான்கு நாட்களுக்குத் தேவையானதை மட்டும் உடைத்துக்கொள்ளுங்கள். கூடுதலாக அரைத்தே ஆகவேண்டும் என்றால், முழுக் கம்பைத் துணியில் முடிந்து கொதிநீரில் அரை நிமிடம் அமிழ்த்தி எடுத்து, நன்றாக வெயிலில் காயவைத்து அரையுங்கள். மாவு கூடுதல் நாள் தாங்கும்.

சொந்தக் கொல்லையில் விளைந்த கம்பாக இருந்தால் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். பூக்கும் தருணத்தில் மழையும் மூடுபனியும் இருந்தால் தேனொழுகல் நோய் வரும். அந்தக் கதிர்களில் மணிக்குப் பதிலாகக் கரும்பழுப்பு நிறத்தில் பூசணக் கட்டிகள் உருவாகும். இவை நஞ்சு, வாந்தி, தலைசுற்றல், தூக்கக் கலக்கம் தரும். 10 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ உப்பைக் கரைத்து, அதில் கம்பைக் கொட்டிக் கிளறினால் கட்டிகள் மிதக்கும். அவற்றை அள்ளி எறிந்துவிட்டு, கம்பை இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசி உலர்த்துங்கள். மருந்து கலந்த விதைக் கம்பு மிஞ்சினால் எத்தனை முறை கழுவினாலும் சமையலுக்கு ஆகாது.

இனி கூழ். ஒரு டம்ளர் கம்பில் கைப்பிடித் தண்ணீர் தெளித்துப் பிசறி, கால் மணி நேரம் வையுங்கள். மிக்ஸியில் விட்டுவிட்டு இரண்டு மூன்று சுற்று சுற்றினால் தோல் கழலும். முறத்தில் புடைத்துவிட்டு, மறுபடி உடைத்துச் சலியுங்கள். மாவையும் நொய்யையும் தனித்தனியாக வைக்கவேண்டும். மாவை ஒன்றரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, முந்தைய நாள் நீராகாரம் இரண்டு கரண்டி விட்டு, இரவு முழுக்கப் புளிக்க விடுங்கள். புளிப்பு ருசிக்காக மட்டுமல்ல. 100 கிராம் கம்பில் 6 முதல் 8 மில்லிகிராம் இரும்புச்சத்து இருந்தாலும், பைடிக் அமிலம் அதை உடலில் சேரவிடாமல் பிடித்து வைத்திருக்கும். புளிக்கும்போது அந்த அமிலம் குறைகிறது. அவசரத்துக்கு மாவை அப்படியே கிண்டும் வீடுகளில் இந்தப் பலன் கிடைப்பதில்லை.

காலையில் மூன்று டம்ளர் தண்ணீர் கொதித்ததும் நொய்யைப் போட்டு, 20 நிமிடம் வேகவிடுங்கள். பிறகு தீயைக் குறைத்து, புளித்த மாவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டி தட்டாமல் துடுப்பால் கிளறுங்கள். கால் மணி நேரத்தில் கூழ் பளபளக்கும். கையை நனைத்துத் தொட்டால் ஒட்டக்கூடாது. ஒட்டினால் இன்னும் வேகவேண்டும்.

ஆறியதும் உப்பும் மோரும் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம் சேர்த்துக் குடிக்கலாம். தொட்டுக்கொள்ள மாங்காயோ எலுமிச்சை ஊறுகாயோ இருந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். குடித்த கையோடு டீ வேண்டாம். ஒரு மணி நேரமாவது போகட்டும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள், கம்புதானே என்று சொம்பு சொம்பாகக் குடிக்கக்கூடாது. இதிலும் 60 சதவீதத்துக்கு மேல் மாவுச்சத்துதான். தைராய்டு கோளாறு உள்ளவர்கள் மூன்று வேளையும் கம்பாகவே சாப்பிடாமல், வாரத்தில் சில நாட்கள் கேழ்வரகு, வரகு என்று மாற்றிக்கொள்ளலாம்.

மீந்த கூழை உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டு வைத்தால் மறுநாள் காலைக்கு ஆகும். நுரைத்து வாடை மாறிவிட்டால் கொட்டிவிடுங்கள்.