சிறு பட்டறைகளிலும் டிஜிட்டல் உற்பத்தி: கைகொடுக்கும் வட்டாரக் கூட்டு முயற்சி

திலக் நகர் (மும்பை): உற்பத்தித் துறையில் டிஜிட்டல் தொழில்நுட்பத்தைத் தனித்து ஏற்க இயலாத சிறு தொழிலகங்களுக்கு, அரசும் கல்வி நிறுவனங்களும் தொழில் அமைப்புகளும் இணைந்து நடத்தும் வட்டார மையங்கள் கைகொடுத்து வருகின்றன. திலக் நகரை அடுத்த குர்லா, செம்பூர் தொடங்கி சாகிநாகா, தாராவி வரையுள்ள பட்டறைகளும் பயன்படுத்திக்கொள்ளக்கூடிய வாய்ப்பாக இது கருதப்படுகிறது.

தனித்து இயலாதது ஏன்?

உதிரிபாகம் வழங்கும் சிறு நிறுவனங்களிடம் தரப் பதிவுகளை டிஜிட்டல் வடிவில் பெரிய ஆலைகள் கேட்கத் தொடங்கியுள்ளன. வழங்க இயலாதவர்கள் ஆர்டரை இழக்க நேரிடலாம். ஆனால் சென்சார், மென்பொருள், அவற்றைக் கையாளத் தெரிந்த பணியாளர் ஆகிய மூன்றையும் பத்துப் பேர் பணிபுரியும் பட்டறை ஒரே நேரத்தில் ஏற்பாடு செய்வது கடினம். பொருந்தாத கருவியை வாங்கிவிட்டால் ஏற்படும் இழப்பையும் அதனால் தாங்க இயலாது.

பழைய இயந்திரங்களுக்கும் பயன்

இதற்காகப் புதிய இயந்திரம் வாங்க வேண்டியதில்லை. பழைய லேத் இயந்திரத்தின் மோட்டாருக்குச் செல்லும் மின்னோட்டத்தை அளக்கும் சென்சாரைப் பொருத்தினால், அது இயங்கும் நேரமும் நிற்கும் நேரமும் தானாகப் பதிவாகும். இயங்கிய நேரம், வேகம், தரம் ஆகிய மூன்றின் விகிதங்களைப் பெருக்கினால் மொத்தச் செயல்திறன் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, திட்டமிட்ட நேரத்தில் 75 சதவீதமே இயங்கி, 80 சதவீத வேகத்தில் உற்பத்தி செய்து, 95 சதவீதப் பொருள்கள் குறையின்றி வெளிவந்தால், மொத்தச் செயல்திறன் 57 சதவீதம் மட்டுமே. தனித்தனியே சிறிதாகத் தோன்றும் இழப்புகள் இவ்வாறு வெளிப்படுகின்றன.

புனேயின் முன்னுதாரணம்

மத்திய கனரகத் தொழில்கள் அமைச்சகத்தின் 'சமர்த் உத்யோக் பாரத் 4.0' முன்முயற்சியின்கீழ் புனேயின் சி4ஐ4 ஆய்வகம், டெல்லி ஐஐடி, பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், பெங்களூரு மத்திய உற்பத்தித் தொழில்நுட்ப நிறுவனம் ஆகிய நான்கு இடங்களில் மையங்கள் அமைந்துள்ளன. தொழில்நுட்பத்தை நேரில் பார்த்து, பயிற்சியும் ஆலோசனையும் பெற்ற பின்னரே முதலீடு செய்ய இவை வழிவகுக்கின்றன. புனே அருகே சிஞ்ச்வாடில் இயங்கும் ஆட்டோ கிளஸ்டர், உள்ளூர் மாநகராட்சியும் தொழில் அமைப்புகளும் இணைந்து உருவாக்கியதாகும்.

தமிழ்நாட்டில் டிட்கோ நிறுவனம் சீமென்ஸுடன் டான்சாம், டசால்ட் சிஸ்டம்ஸுடன் டான்காம், ஜிஇ நிறுவனத்துடன் டாம்கோ ஆகிய உயர்திறன் மையங்களை நிறுவியுள்ளது. அமெரிக்காவில் 1988-இல் தொடங்கப்பட்ட உற்பத்தி விரிவாக்கக் கூட்டமைப்பு, 50 மாநிலங்களிலும் போர்ட்டோ ரிகோவிலும் சிறு, நடுத்தரத் தொழிலகங்களுக்கு ஆலோசனை வழங்கி வருகிறது.

மும்பையில் என்ன வழி?

அந்தேரியின் சீப்ஸ் வளாகத்தில் நகைத் தொழிலுக்கான 'பாரத் ரத்னம்' மெகா பொது வசதி மையம் உள்ளது. பிற தொழில்களில் ஈடுபட்டோரும் குழுமமாக இணைந்து, மத்திய அரசின் குறு, சிறு தொழில் குழும மேம்பாட்டுத் திட்டத்தில் பொது வசதி மையம் கோரலாம். 2022-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறைகளின்படி, ரூ.5 கோடி முதல் ரூ.10 கோடி வரையிலான திட்டங்களுக்கு 70 சதவீதமும், ரூ.10 கோடி முதல் ரூ.30 கோடி வரையிலானவற்றுக்கு 60 சதவீதமும் மத்திய அரசின் மானியமாகும். பயனாளிகள் தனி அமைப்பாகப் பதிவு செய்துகொள்வதுடன், தங்கள் பங்கையும் செலுத்த வேண்டும்.

உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. முறைசாரா குறுந்தொழில்களுக்காக 'உத்யம் அசிஸ்ட்' தளம் 2023 ஜனவரியில் தொடங்கப்பட்டது. கூடுதல் விவரங்களைச் சாகிநாகாவில் உள்ள எம்எஸ்எம்இ மேம்பாட்டு அலுவலகத்தில் கேட்டறியலாம்.

எஞ்சியிருக்கும் சவால்

ஒரே வாடிக்கையாளருக்காகப் போட்டியிடும் இரு பட்டறைகள், தங்கள் உற்பத்தி விவரங்களைப் பொதுக் கணினியில் பதிவேற்றத் தயங்குவது இயல்பே. எந்த விவரத்தை யார் பார்க்கலாம் என்பதைத் தொடக்கத்திலேயே எழுத்துபூர்வமாக முடிவு செய்வது அவசியமாகிறது. கட்டடமும் கருவியும் மானியத்தில் கிடைத்தாலும், மின் கட்டணம், பராமரிப்பு, பயிற்சியாளர் ஊதியம் ஆகியவை மாதந்தோறும் தொடரும் செலவுகள். உறுப்பினர்கள் கட்டணம் செலுத்தித் தொடர்ந்து பயன்படுத்தினால் மட்டுமே இத்தகைய மையங்கள் நிலைத்து நிற்கும் என்பது குறிப்பிடத்தக்கது.