இரண்டு வாசல் மடிக்கணினி



நேற்று பேத்தியின் புது லேப்டாப்பைத் திறந்தோம். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒன்று திரையில் வந்து நின்றது. இலவசம் 30 நாள்தானாம், பிறகு பணம் கட்ட வேண்டுமாம். "தாத்தா, இதை நான் கேட்கவே இல்லையே" என்றாள். அவளுக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் எழுதுகிறேன்.

கேட்காத சரக்கு வரக் காரணம் எளிது. மென்பொருள் கம்பெனிகள் கணினி தயாரிப்பாளர்களுக்குப் பணம் கொடுத்து உள்ளே இடம் பிடிக்கின்றன. 2008-ல் சோனி, இவற்றை நீக்கித் தருவதற்குத் தனியாக 50 டாலர் கேட்டது; எதிர்ப்பு கிளம்பியதும் கட்டணத்தைக் கைவிட்டது. வைத்ததும் அவர்கள், எடுக்கக் கூலியும் அவர்களுக்கா! 2015-ல் லெனோவோ மடிக்கணினிகளில் இருந்த சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள், பாதுகாப்பான இணையத் தொடர்புக்குள்ளேயே புகுந்து பார்ப்பது வெளியே தெரிந்தது. அதை அகற்றும் கருவியை அந்த நிறுவனமே வெளியிட வேண்டியதாயிற்று.

இனி நம் ஊர்க் கதை. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று நம் பள்ளத்தாக்கில் எத்தனையோ வீடுகளுக்கு அதுதான் முதல் கணினி. அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. இயக்கியதும் எது வேண்டும் என்று கேட்கும். பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது. டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. தமிழிலும் இயங்கும், காலக்கெடு கிடையாது, காசும் கேட்காது. ஆனால் அந்த இரண்டாவது வாசலைத் திறந்தவர்கள் குறைவு. நாங்கள் சொல்லித்தரவில்லை என்பதே உண்மை. ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குக் கரும்பலகையும் சார்ட்டும்தான். குமுளி மலை ஏறினால் கேரளம்; அங்கே பள்ளிக்கூடங்களில் அதற்கு முன்பே லினக்ஸ் பாடமாகிவிட்டது.

2013-ல் என் பழைய மாணவி ஒருத்தி வந்தாள். அப்பா திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர், அந்த வருடம்தான் காலமாகியிருந்தார். "லேப்டாப் ரொம்ப மெதுவா இருக்கு சார், ஏதேதோ பணம் கட்டச் சொல்லுது" என்றாள். நான் பெரிய நிபுணர் மாதிரி, "கடையில் கொடுத்து ஃபார்மட் பண்ணச் சொல்லும்மா" என்றேன். கடைக்காரர் வட்டு முழுவதையும் அழித்துவிட்டார். பாஸும் போயிற்று, உரிமம் உள்ள விண்டோஸும் போயிற்று; திருட்டுப் பிரதி ஒன்றும், அதோடு புதிதாக நாலைந்து சோதனை மென்பொருள்களும் வந்தன. அப்பா கொடிக்குக் கவாத்து செய்யும் வீடியோவும் அதில்தான் இருந்திருக்கிறது. வேறெங்கும் பிரதி இல்லை. "பரவாயில்லை சார்" என்றாள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதன் பிறகுதான் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். கணினியிலேயே இருக்கும் மீட்புப் பகுதியை வைத்து மீட்டால், பெரும்பாலும் அந்தச் சோதனைச் சரக்கும் சேர்ந்தே திரும்பி வரும். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து தூய பிரதியை இறக்கி, பென்டிரைவில் போட்டு நிறுவ வேண்டும். விண்டோஸ் 7 காலத்தில் உரிம எண் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருந்தது, தேய்ந்தால் போச்சு. 2012-ல் விண்டோஸ் 8 வந்தபின், கம்பெனியிலேயே விண்டோஸ் போட்டு வரும் கணினிகளில் அது மதர்போர்டிலேயே பதிந்து வருகிறது. அதே பதிப்பை நிறுவினால் தானே எடுத்துக்கொள்ளும். ஆனால் இதற்கெல்லாம் முன்னால் படம், வீடியோ, கடிதம் அத்தனையையும் வெளியே ஒரு வட்டில் நகலெடுத்து, திறந்தும் பார்த்துவிட வேண்டும்.

2014 ஏப்ரல் 8-ல் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றபோது, அரசு அலுவலகங்களில் பாஸ் நிறுவும்படி தமிழக அரசே சொன்னது. பத்திரிகையில் படித்தபோது எனக்கு அந்தப் பெண் ஞாபகம்தான் வந்தது.

பேத்தியின் கணினியை இன்று காலை சுத்தமாக நிறுவி முடித்தோம். பென்டிரைவ் மேசையில் இருக்கிறது, தேனிப் பக்கம் வருகிறவர்கள் வாங்கிக்கொள்ளலாம். 2012, 2013-ல் கம்பம் பக்கத்துத் தோட்டங்களில் கவாத்து, அறுவடைப் படங்கள் எடுத்தவர்கள் யாராவது இருந்தால் பழைய மெமரி கார்டுகளை ஒருமுறை பார்த்து எனக்கு அனுப்புங்கள். எந்தத் தோட்டம் என்று தனியாகச் சொல்கிறேன்.